கடல் கடந்த மணித்தொழில்

ஆடிப்பெருக்கு நாளில் நம் குடியிருப்பிலிருந்து மேட்டூர் செல்லும் குடும்பங்கள் பல. மைசூரில் பேருந்து ஏறிக் கொள்ளேகாலம் கடந்து, மாதேசுவர மலையை அடைந்து, அங்கு இறைவனை வணங்கியபின் மறுபுறக் காட்டுச் சரிவில் இறங்கினால் பாலாறு வரும். வேலூரை நனைக்கும் பாலாறு வேறு, இது வேறு. அது நந்தி மலைப் பக்கத்தில் தோன்றிக் கோலார் வழியாகத் தொண்டை நாடு புகுந்து கடலைச் சேர்வது. இது மலைக்காட்டின் நீரைத் திரட்டிக் காவிரிக்குக் கொடுக்கும் சிற்றாறு. இதனைக் கடக்கும் இடத்தில் கருநாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பெயர்ப்பலகையின் எழுத்தும் மாறுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இவ்வெல்லை இங்கு இருந்ததில்லை. கொள்ளேகாலம் வட்டம் அந்நாள்வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

சென்ற முறை இவ்வழியே சென்றபோது மலைமேல் உள்ள கடைத்தெருவில் எம் மகள் சிவப்புப் பாசிமணிச் சரம் ஒன்று வாங்கினாள். பேருந்து பாலாற்றுச் சாவடியில் நின்றபோது அச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, கடுகளவு மணியில் இந்தத் துளையை எப்படிப் போட்டார்கள்?" என்று கேட்டாள். யாம் பொற்கொல்லரின் மகன். எம் தந்தையார் வேலூர்ப் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து மைசூருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் நகை செய்தவர். அங்ஙனம் இருந்தும் மகளின் வினாவிற்கு எம்மால் விடை கூற இயலவில்லை. இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கைக்கு மணியின் துளை எங்ஙனம் தெரியும்?

அந்த வெட்கத்தால் தேடத் தொடங்கினோம். நூல்களிலும் ஆய்வுரைகளிலும் கண்டவை, மணியின் துளையைப் பற்றி மட்டும் கூறவில்லை. சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட கைவினைஞர் தம் தொழிலை எங்ஙனம் கொண்டு சென்றனர், பிறர்க்கு எங்ஙனம் கற்பித்தனர், எதனால் அஃது ஓரிடத்தில் நிலைத்தது, மற்றோரிடத்தில் அவிந்தது என்பவற்றையும் கூறின. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு இவ்வரலாறு அயலார் வரலாறு அன்று. ஆதலின் இவ்வாண்டு மலரில் அதனை எழுத முற்பட்டோம்.

மணி விளைந்த மண்

முதற்கண் நாம் வாழும் மைசூர் மண்ணைப் பற்றியே கூறுவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நூல் எழுதிய கிரேக்க நிலநூலார் தாலமி, தென்னாட்டின் உட்பகுதியில் 'பௌன்னாட்டா' என்னும் இடத்தில் பெரில் என்னும் பச்சை நீலக் கல் கிடைப்பதாகக் குறித்துள்ளார். அது புன்னாடு என்று அறிஞர் கொள்வர். கபிலையும் காவிரியும் பாயும் மைசூரின் தென்பகுதியே பழைய புன்னாடு. அதன் தலைநகராகிய கீர்த்திபுரம், எக்கடதேவன்கோட்டை வட்டத்துக் கித்தூர் என்பர். நாம் விடுமுறையில் கபினி அணை காணச் செல்லும் பக்கத்திலிருந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோம நாட்டுப் பெண்டிரின் கழுத்துக்குக் கற்கள் சென்றன.

காவிரி வழியே கீழிறங்கினால் கொங்கு நாடு. காங்கயத்திற்கு அருகே படியூரிலும் பெரில் கல் கிடைத்தது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்னும் பெயரால், நல்ல அணிகலன்களுக்குப் பேர்பெற்ற ஊராகப் போற்றப்படுகிறது. புலவர் கூற்று வெறும் புகழ்ச்சி அன்று என்பதை மண்வெட்டி மெய்ப்பித்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்ந்தனர், பேராசிரியர் கா. இராசன் அவ்வாய்வைப் பல ஆண்டுகள் நடத்தினார். உடைக்காத மூலக்கல், பாதி தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்த மணி, மெருகேற்றி முடித்த மணி ஆகிய எல்லா நிலைகளும் அங்குக் கிடைத்தன. சூதுபவளக் கல் கொங்கு நாட்டில் விளைவது அன்று, தொலைவிலிருந்து வந்தது. கல்லும் பயணம் செய்தது. கல்லை அறிந்த கையும் பயணம் செய்தது.

கல்மணிக்கு இயற்கை பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. கண்ணாடி மணிக்கோ எல்லாவற்றையும் மனிதனே செய்தல் வேண்டும். மணலை உருக்க வேண்டும். மணல் எளிதில் உருகாது. அதனை உருகச் செய்ய ஒரு காரம் வேண்டும். நம் நாட்டில் கோடையில் நிலத்தின்மேல் வெண்மையாகப் பூக்கும் உவர்மண்ணே அக்காரம். துணி வெளுப்போர் பண்டு பயன்படுத்திய மண் அது. 1800-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிசு புகானன் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர், இன்றைய சித்திரதுர்க்க மாவட்டத்து மத்தோடு என்னும் ஊரில் கண்ணாடி வளையல் செய்வோர் உலை அமைத்து உவர்மண்ணைக் கொண்டு கண்ணாடி உருக்கியதை நேரில் கண்டு விரிவாக எழுதியுள்ளார். ஆதலின் கண்ணாடித் தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று.

அரிக்கமேடு

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேரும் இடத்திற்கு அருகில், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சூழ்ந்த ஒரு மேடு உண்டு, அதுவே அரிக்கமேடு. மழை பெய்து ஓய்ந்தபின் அங்கு மண்ணின்மேல் வண்ண மணிகள் மின்னும். ஊர்ச்சிறுவர் அவற்றைப் பொறுக்கி விளையாடுவர். 1930-களில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் சூவோ துப்ரேய் அச்சிறுவரிடமிருந்து பழம்பொருள்களைப் பெற்று இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். 1945-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் இங்கு வந்ததைக் காட்டி உலகை வியக்கவைத்தார். பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார். உரோமர் வருகைக்கு முன்னரே உள்நாட்டு மக்கள் இங்கு ஊர் அமைத்து வாழ்ந்தனர் என்பது அதனால் தெளிவாயிற்று.

வீலர் உரோமச் சாடியைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் அம்மேட்டில் எண்ணிக்கையில் மிகுந்து கிடந்தவை மணிகளே. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், கருமை எனப் பல நிறத்தில் கடுகும் மிளகும் போன்ற சிறு கண்ணாடி மணிகள் அவை. உருகிய கண்ணாடிக் கட்டிகளும், வெட்டாத குழல் துண்டுகளும், பிழைபட்டுக் கழித்த மணிகளும் உடன் கிடந்தன. வாணிகம் செய்யும் ஊரில் முடித்த மணி மட்டுமே இருக்கும். கழிவு கிடக்கும் இடமே பட்டறை. ஆதலின் இஃது மணி விற்ற ஊர் மட்டும் அன்று, மணி செய்த ஊர் என்பது உறுதியாயிற்று.

நிறங்களின் நுட்பத்தையும் ஈண்டுக் கூறுதல் தகும். ஒரே செம்பு, உலையில் காற்று மிகுந்தால் பச்சையும் நீலமும் தரும்; காற்றைக் குறைத்துப் புகையை மிகுத்தால் செங்கல் போன்ற சிவப்புத் தரும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் மஞ்சள். வேதியியல் நூல் எதுவும் இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இவற்றை முடித்தனர். எம் மகள் வாங்கிய சரத்தின் சிவப்பைக் கண்டு இனி எளிதாக எண்ண மாட்டோம்.

துளையின் விடை

மகளின் வினாவிற்கு விடை இப்போதுதான் வருகிறது. அம்மணிகளில் எவரும் துளையிடவில்லை. துளையை முதலில் அமைத்து, அத்துளையோடு கண்ணாடியை நூல்போல் இழுத்து, பிறகு நறுக்கினர்!

இம்முறை ஓரூரில் அழியாது இருந்தமையால் நாம் இதனை அறிகிறோம். ஆந்திரநாட்டில் ரேணிகுண்டாவுக்கு அருகில், சுவர்ணமுகி ஆற்றுப் பக்கம், பாப்பநாயுடுபேட்டை என்னும் ஊர் உள்ளது. அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிசும், நம் நாட்டு அறிஞர் அலோக் குமார் கனுங்கோவும் அவ்வூர்ப் பட்டறைகளில் நின்று கண்டு எழுதினர். திருமலைக்குச் செல்லும்போதெல்லாம் ரேணிகுண்டாச் சந்திப்பில் வண்டி மாறியிருக்கிறோம். நடைமேடையில் காப்பி அருந்தியிருக்கிறோம். சில கல் தொலைவில் ஈராயிரம் ஆண்டுத் தொழில் ஒன்று உயிரோடிருந்ததை அறியாமலே வந்தோம்.

அம்முறை இது. உலையில் கண்ணாடி தேன்போல் உருகியிருக்கும். ஆள் உயரத்திற்குக் குறையாத இரும்புக் குழல் ஒன்றின் நுனியில் அதனைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் திரட்டுவர். இக்குழலுக்கு 'லாடா' என்று பெயர். திரண்ட கண்ணாடியைக் கல்லின்மேல் உருட்டிக் கூம்பாக ஆக்குவர். குழலுக்குள் மற்றொரு கம்பியைச் செலுத்தி அக்கூம்பின் நுனிவரை ஊடுருவச் செய்வர். இப்போது கூம்பின் நடுவே ஒரு வெற்றிடம் அமைந்துவிடுகிறது. கூம்பை உலையின் மறுவாயிற் பக்கம் காட்டியவுடன், அங்கு அமர்ந்திருக்கும் தலைமைக் கைவினைஞர் கொக்கியால் நுனியைப் பற்றி இழுப்பார். கண்ணாடி நீளும், நடுவிலுள்ள வெற்றிடமும் அதனுடன் நீளும். பின்னர் இரு கைகளாலும் மாறி மாறி, கிணற்றில் நீர் இறைப்பதுபோல், சில மணி நேரம் இடைவிடாது இழுத்துக்கொண்டே இருப்பார். விரைந்து இழுத்தால் குழல் மெலியும், தாமதித்தால் பருக்கும். அளவுகோல் எதுவும் இல்லை, விரல்களே அளவுகோல்.

இழுத்த குழலை ஒரு முழம், இரு முழத் துண்டுகளாக ஒடித்துக் கட்டுவர். பின்பு கட்டையில் நிறுத்திய உளியின்மேல் வைத்து மற்றொரு கத்தியால் நறுக்குவர். நறுக்கிய துண்டுகளின் விளிம்பு கூராயிருக்கும். அணிந்தால் கழுத்தைக் கீறும். ஆதலின் சாம்பலுடன் பிசைந்து மண்சட்டியில் இட்டு மீண்டும் சுடவைத்துக் கிளறுவர். சாம்பல் துளையை அடைத்திருப்பதால் துளை மூடாது. மணியோடு மணி ஒட்டாது. விளிம்பு மட்டும் உருகி உருளும். பின்னர்ச் சாம்பலை நீக்கிச் சலித்து அளவு பிரிப்பர். பெண்டிர் சரமாகக் கோப்பர்.

ஒவ்வொரு மணியாகக் கம்பியில் சுற்றிச் செய்யும் முறையும் உலகில் உண்டு. அம்முறையில் ஒருவர் ஒரு நாளில் செய்வது எண்ணி முடிக்கத்தக்கது. இழுக்கும் முறையிலோ ஒரே உருக்கில் பல்லாயிரம் மணி பிறக்கும். மணி மலிவாயிற்று, மலிவானதால் அரசியும் அணிந்தாள், உழவன் மனைவியும் அணிந்தாள், கடல் கடந்து எங்கும் சென்றது.

கை கடல் கடந்தது

எங்கும் என்று கூறுவது மிகை அன்று. கி.மு. இறுதி நூற்றாண்டுகளில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வகை மணி, கிழக்கே சப்பான், கொரியா வரையிலும் மேற்கே ஆப்பிரிக்கா வரையிலும் பரவிற்று. கொரிய நாட்டில் 523-இல் மறைந்த மூரியோங் என்னும் பேக்சே அரசரின் கல்லறை 1971-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டபோது, அங்கும் இவ்வகைச் சிறு மணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இந்தோனேசியத் தீவுகளாகிய தீமோரிலும் புளோரசிலும் இச்செம்மணிகளை மூட்டிசாலா என்று அழைத்துக் குடிவழிச் செல்வமாகப் போற்றினர். பீட்டர் பிரான்சிசு இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணி என்று பெயரிட்டார். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெருநூல், ஆசியக் கடல்வழி மணி வாணிகத்தைப் பற்றியது.

ஆனால் நம் கருத்திற்கு உரியது மணி சென்ற வழி மட்டும் அன்று. பட்டறை சென்ற வழி. ஈழத்தில் திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டத்திலும், மலேசியாவில் பேராக் கரையிலுள்ள கோலா செலின்சிங்கிலும், தாய்லாந்தில் கிராபி மாநிலத்துக் குலோங் தோமிலும், வியட்நாமில் மேகோங் ஆற்று முகத்திலுள்ள ஓக்கேயோவிலும் இம்மணிகளோடு பட்டறைக் கழிவும் கிடைத்தது. குலோங் தோமில் உள்ள அகழ்விடத்தின் தாய்மொழிப் பெயருக்கு மணிமேடு என்பதே பொருள். ஆயின் அங்கெல்லாம் உலை மூட்டியவர் யாவர்?

இழுக்கும் முறை, பார்த்த அளவில் கற்கத்தக்கது அன்று. வாணிகன் மணியைக் கொண்டு செல்லலாம். அதைச் செய்யும் கையைக் கொண்டு செல்ல இயலாது. கைவினைஞரே கப்பலேற வேண்டும். அல்லது கற்பவர் அவர் பக்கத்தில் பல ஆண்டு அமர வேண்டும். அரிக்கமேட்டு வினைஞர் குடிபெயர்ந்து அவ்வூர்களில் பட்டறை அமைத்தனர் என்பது பிரான்சிசின் கருத்து. பின்னர் இலோர் துயூசுபியூ அம்மையார் முதலியோர் மணிகளின் வேதிக்கூறுகளை ஆராய்ந்தனர். வடிவில் ஒன்றாகத் தோன்றிய மணிகள் பல வகைக் கண்ணாடியால் ஆனவை என்று கண்டனர். சில தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் உருக்கிய கண்ணாடி. சில தென்கிழக்காசியாவுக்கே உரிய வேறு கலவை. ஆகவே ஓரூரார் புறப்பட்டு எல்லாவற்றையும் செய்தனர் என்று கூறுதல் இனிப் பொருந்தாது. எனினும் தொழில்முறை கைமாறியது என்பதும், அது கைகளின் வழியே மாறியது என்பதும் மேலும் உறுதிப்படுகின்றன. கண்ணாடி பலவாக, இழுக்கும் முறை ஒன்றாக இருப்பதற்கு வேறு காரணம் யாது?

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. தாய்லாந்தின் சும்போன் மாநிலத்தில் காவோ சாம் கேவ் என்னும் குன்றூரைப் பிரெஞ்சு அறிஞர் பெரெனிசு பெல்லினா அம்மையார் 2005-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தார். கி.மு. நான்காம் நூற்றாண்டளவில் தோன்றிய ஊர் அது. அங்குக் கிடைத்த சூதுபவள மணிகளின் வேலைப்பாடு இந்திய முறையினது. வடிவமோ அந்நாட்டு மக்கள் விரும்பியது. இந்தியக் கைவினைஞர் அங்குத் தங்கி, உள்ளூர்ச் சுவைக்கு ஏற்பச் செய்தனர் என்றும், உள்ளூரார்க்குத் தொழில் பயிற்றினர் என்றும் அவ்வம்மையார் கருதுகிறார். சென்ற ஊரின் விருப்பத்தை அறிந்து, தம் கைத்திறனை விடாது வாழ்ந்தனர். இதனைவிட நல்ல குடிவாழ்வு யாது?

இப்போக்கு ஒரு திசையில் மட்டும் நிகழ்ந்தது என்று எண்ணி நாம் தருக்குதல் கூடாது. மகதத்திலிருந்தும் மராட்டத்திலிருந்தும் அவந்தியிலிருந்தும் யவன நாட்டிலிருந்தும் வந்த வினைஞர், தமிழ்க் கைவினைஞருடன் கூடி வேலை செய்ததை மணிமேகலை போற்றிக் கூறுகிறது. நாமும் கற்பித்தோம், நாமும் கற்றோம்.

பெரும்பத்தன் கல்

இனி, இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டிய செய்தியைக் கூறுவோம். மேலே குறித்த குலோங் தோம் மணிமேட்டில் சிறு கருங்கல் ஒன்று கிடைத்தது. அது பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்துள்ளது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்று அறிஞர் காலம் கணித்தனர். பழைய எழுத்தில் மெய்யெழுத்தை இரட்டிக்காது எழுதும் வழக்கம் உண்டு. ஆதலின் பெரும்பத்தன் என்று படிப்பர். பத்தன் என்றால் பொற்கொல்லன். இக்கல் பெரும்பத்தனுடையது என்பது பொருள். குலோங் தோம் புத்தக் கோயிலின் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டுள்ளது.

இதனைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம் தந்தையாரைத் தெருவில் எல்லாரும் பத்தர் என்றே அழைத்தனர். கன்னட அன்பர்களும் 'பத்தரே' என்பர். அவருடைய உரைகல் எம் வீட்டுப் பெட்டியில், துணியில் சுற்றியபடி இருக்கிறது. அதில் எழுத்து எதுவும் இல்லை. பொன் உரைத்த கோடுகள் மட்டும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

பெரும்பத்தனைப் பற்றி நாம் அறிந்தவை சிலவே. அவன் தன் தொழிற்கருவியைத் தன்னுடன் கொண்டு சென்றான். வேற்று நாட்டில் இருந்தபோதும் தன் பெயரைத் தன் தாய்மொழியில் எழுதினான். பலர் கூடி வேலை செய்த பட்டறையில், என் கல்லை எடுக்காதே என்று பக்கத்திலிருந்த மற்றொரு தமிழனுக்குச் சொல்வதற்காகவே அதனை எழுதினான் போலும். படிப்பவர் எவரும் இல்லாத ஊரில் ஒருவன் பெயர் பொறிக்க மாட்டான் அன்றோ? அந்நாளில் அங்கு அவ்வெழுத்தைப் படிப்போர் இருந்தனர். பின்னர் ஒரு காலம் வந்தது. கல் இருந்தது, படிப்பவர் இல்லை. அந்த இடைவெளி எந்தத் தலைமுறையில் நேர்ந்தது என்று எந்த அகழ்வும் கூறாது. மணிமேட்டின் உலைகளும் அவ்வாறே அவிந்தன.

அரிக்கமேட்டிலும் உலை அவிந்தது. தொழில் பிறந்து சிறந்த இடத்தில் இன்று தோப்பு மட்டுமே உள்ளது. மத்தோட்டு வளையல் உலைகள் பழங்கதை ஆயின. ஆனால் சுவர்ணமுகிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், தெலுங்கு பேசும் எளிய மக்களின் கையில், 20-ஆம் நூற்றாண்டைக் கடந்தும் அம்முறை நின்றது. அரசு காத்ததாலோ, அறிஞர் போற்றியதாலோ நின்றது அன்று. தந்தை இழுக்கும்போது மகன் பக்கத்தில் அமர்ந்திருந்தான், அதனால் நின்றது. அங்கும் ஆலைமணிகளின் போட்டியால் தொழில் சுருங்கி வருவதைக் கண்டோர் எழுதியுள்ளனர்.

பக்கத்தில் அமர்தல்

எம் தந்தையார் எம்மைப் பட்டறையில் அமரவிடவில்லை. யாம் சிறுவனாய் இருந்தபோது ஒருநாள் ஊதுகுழலைக் கையில் எடுத்தோம். அவர் அதனை மெல்ல வாங்கி வைத்து, "இந்தக் கனல் என்னோடு போகட்டும், நீ நிழலில் அமர்ந்து உண்" என்றார். கண் மங்கி, நெஞ்சில் புகை ஏறியிருந்த காலம் அது. யாம் மெட்ரிகுலேசன் தேறி இரயில்வேயில் சேர்ந்த அன்று, அவர் தெரு முழுவதும் சர்க்கரை வழங்கினார். அவர் செய்தது அன்பினால். அதில் குறை காண எமக்கு உரிமை இல்லை. ஆயினும் நாற்பது ஆண்டுக் கைத்திறன் அவருடன் சென்றது. மகள் கேட்ட சிறு வினாவின்முன் யாம் வாயடைத்து நின்றதற்கு அதுவே காரணம்.

இக்கதை எம் வீட்டிற்கு மட்டும் உரியது அன்று. நம் குடியிருப்பில் நெசவாளர் குடியில் பிறந்தோர் உளர். குயவர், தச்சர், கன்னார் குடியில் பிறந்தோரும் உளர். எல்லாரும் எழுதுகோல் பிடித்தோம், நன்றே. தொழிலின் பெயரால் பிறப்பை அளந்த கொடுமையிலிருந்து விடுபட்டதும் நன்றே. பழைய உலைக்கே திரும்புக என்று நாம் கூறவில்லை. ஆனால் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்குச் சொல்லும், காட்டுவதற்குக் கையும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

மொழியும் ஒரு கைத்தொழிலே. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் கற்கின்றனர்; ஆங்கிலம் கற்கின்றனர். காவோ சாம் கேவ் வினைஞர் உள்ளூர் விருப்பத்தைக் கற்றதுபோல் அவர்கள் இந்நாட்டு மொழியை நன்கு கற்றல் வேண்டும். அது நமக்கு உணவளிக்கும் நாட்டிற்கு நாம் செலுத்தும் நன்றி. தமிழ் எழுத்தைப் பள்ளி கற்பிக்காது. அண்டை வீட்டாரும் கற்பிக்க மாட்டார். நாமே பக்கத்தில் அமர்த்திக் கற்பித்தால் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் தமிழின் பெருமை பேசுவதால் அது கைமாறாது. மணி இழுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் மணி வருமா?

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், பெற்றோருள் ஒருவரேனும் அவர்களுடன் வந்து அமர்தல் நலம். திங்களுக்கு ஒருமுறை, நம்மிடையே உள்ள முதியோர் ஒருவர் தாம் அறிந்த ஒரு கைவேலையைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டி, அதன் கருவிகளின் பெயரைத் தமிழில் சொல்லித்தரட்டும். பாய் முடைதல் ஆகட்டும், பூக்கட்டுதல் ஆகட்டும், தறியில் இழை கோத்தல் ஆகட்டும், எதுவாயினும் சரியே.

எம் பங்கை யாம் தொடங்கிவிட்டோம். சென்ற திங்களில் பெட்டியைத் திறந்து உரைகல்லை எடுத்தோம். மகளைப் பக்கத்தில் அமர்த்தி, அவள் அன்னையின் தோட்டை வாங்கிக் கல்லில் உரைத்துக் காட்டினோம். மாற்றுப் பார்க்க எமக்குத் தெரியாது; உரைக்க மட்டுமே தெரியும். தந்தையாரின் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு புதிய கோடு விழுந்தது. அவள் அதனைத் தொட்டுப் பார்த்து, "இது யாருடைய கல்?" என்று வினவினாள். அவள் பாட்டனாரின் பெயரைக் கூறினோம். அவள் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்துகளால் ஒரு தாளில் அப்பெயரை எழுதி, அதன் பின் 'கல்' என்றும் எழுதி, கல்லோடு சேர்த்து அத்துணியிலேயே சுற்றி வைத்தாள். ஓர் ஒற்றெழுத்து மட்டும் விடுபட்டிருந்தது. பெரும்பத்தனும் அவ்வாறுதானே எழுதினான் என்று எண்ணி, அதனைத் திருத்தாது விட்டோம்.